அஞ்சல் ஓட்டத்தில் நால்வர் ஓடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள் பற்றித் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான இரண்டு கடிதங்களையும் படித்தேன். போட்டி பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்துகிறது, ஆகவே கீழ் வகுப்புகளிலாவது அதை நிறுத்திவிட வேண்டும் என்கிறார் ஒருவர். போட்டி இல்லாவிட்டால் மலையகப் பிள்ளைகள் எங்கும் முன்னேற மாட்டார்கள், உலகமே போட்டிதானே என்கிறார் மற்றவர். முப்பத்தொரு வருடங்கள் தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையில் இருவரோடும் பாதிப் பாதி உடன்படுகிறேன். ஆயினும், போட்டியையும் ஒத்துழைப்பையும் தராசின் இரண்டு தட்டுகளாக வைத்துக்கொண்டு, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்று இருவருமே எண்ணுவது எனக்குப் பிழையாகப்படுகிறது. எதிரணி சொன்ன நேரத்துக்கு மைதானத்துக்கு வர வேண்டும். ஒரே பந்தையும் ஒரே விதியையும் ஒரே நடுவரையும் இரு தரப்பும் ஏற்க வேண்டும். இவ்வளவும் நடந்த பின்புதான் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க முடியும். ஒத்துழைப்பு இல்லாத இடத்தில் நடப்பது சண்டை, விளையாட்டல்ல.

முதலில் போட்டியின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் நோர்மன் டிரிப்ளெட், தனியாக நேரத்தை எதிர்த்து ஓடும் சைக்கிள் வீரர்களைவிட மற்றவர்களோடு சேர்ந்து ஓடுபவர்கள் வேகமாக ஓடுவதைப் பதிவுகளிலிருந்து கண்டு, அதன் காரணத்தை அறிவதற்காக நாற்பது பிள்ளைகளிடம் தூண்டில் நூல் சுற்றும் சக்கரத்தைக் கொடுத்துத் தனியாகவும் இன்னொரு பிள்ளைக்குப் போட்டியாகவும் சுற்றவைத்தார். 1898இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய இருபது பிள்ளைகள் போட்டியின்போது வேகமாகச் சுற்றினார்கள். பத்துப் பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. எஞ்சிய பத்துப் பேர் பதற்றத்தால் கை விறைத்துத் தனியாகச் சுற்றியதைவிட மெதுவாகச் சுற்றினார்கள். போட்டி ஊக்கம் தரும் என்பதற்குச் சான்றாக இந்த ஆய்வைக் காட்டுபவர்கள் முதல் இருபது பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கடைசிப் பத்துப் பேரை நான் ஒவ்வொரு ஜனவரியிலும் மைதானத்தில் கண்டிருக்கிறேன். ஆரம்பக் கோட்டில் நிற்கும்போதே அவர்களின் தோள்கள் காதுவரை உயர்ந்துவிடும். விசில் ஊதுமுன் ஓடிவிடுவார்கள், அல்லது ஊதிய பின்பும் நிற்பார்கள். சோம்பேறிகள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தோம்.

இனிக் கயிறிழுத்தலுக்கு வருகிறேன். சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் தோட்டத்தில் கயிறிழுத்தல் இல்லாமல் விளையாட்டு முடிவதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து கொண்டுவரும் தடித்த கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி கட்டி, தோட்டத்தின் இரு பிரிவுகளான மேல் டிவிசன் ஒரு பக்கமும் கீழ் டிவிசன் மறுபக்கமும் நிற்கும். ஆள் கூடினால் பலம் கூடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். பிரான்ஸ் நாட்டு வேளாண்மைப் பொறியியலாளர் மெக்ஸ் ரிங்கல்மேன் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அந்த விசையை அளந்தார். முடிவுகள் 1913இல்தான் வெளிவந்தன. தனியாக இழுக்கும் ஒருவரின் பலத்தை நூறு என்று வைத்தால், இருவராக இழுக்கும்போது ஆளுக்குத் தொண்ணூற்றுமூன்று, மூவராகும்போது எண்பத்தைந்து, எட்டுப் பேராகும்போது நாற்பத்தொன்பது. அதாவது எட்டுப் பேர் சேர்ந்து நான்கு பேரின் பலத்தைத்தான் கயிற்றில் செலுத்தினார்கள். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் நன்மை வந்துவிடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இந்த இழப்புக்கு இரண்டு காரணங்கள் உண்டு. எட்டுப் பேரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை என்பது முதற்காரணம். அதற்குத்தான் நம் ஆட்கள் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக் குரல் கொடுக்கச் சொல்கிறார்கள். நல்ல குரல்காரர் உள்ள அணி, உடல் பருத்தவர்களைக் கொண்ட அணியை இழுத்துப்போட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது காரணம் மனத்தில் இருக்கிறது. 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒருவரின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்முனையில் நிறுத்தி, அவருக்குப் பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் பின்னால் எவரும் இழுக்கவில்லை. அப்படியிருந்தும், தனியாக இழுப்பதாக நினைத்தபோது இழுத்ததைவிட அவர் குறைவாகவே இழுத்தார். ஐந்து வருடங்களுக்குப் பிறகு கைதட்டுவதிலும் சத்தமிடுவதிலும் இதே தளர்ச்சி காணப்பட்டது. பின்னர், ஒவ்வொருவரின் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று அறிவித்தபோது அந்தத் தளர்ச்சி ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1989இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் முடித்ததும் அணியின் அடுத்தவர் தொடரும் அஞ்சல் நீச்சலில் ஒவ்வொருவரின் நேரத்தையும் உரத்து அறிவித்தபோது வீரர்கள் தனிப்போட்டியில் நீந்தியதைவிட வேகமாகவும், அறிவிக்காதபோது மெதுவாகவும் நீந்தினார்கள். தன் பங்கு கணக்கில் வருகிறது என்று அறிந்தவர் தனக்காக உழைப்பதைவிட அணிக்காகக் கூடுதலாக உழைக்கிறார் என்பதே இதன் பொருள். சுயநலம், பொதுநலம் என்று நாம் பிரித்துவைத்த இரண்டும் இந்த இடத்தில் கலந்துவிடுகின்றன.

இதைவிட எனக்குப் பிடித்தமானது பெர்லின் நகரத்துப் படகோட்டிகளிடம் உளவியலாளர் ஒட்டோ கோலர் நடத்திய ஆய்வு. அதைப் பற்றி அவர் 1926இல் எழுதினார். முதலில் ஒவ்வொருவரும் பாரம் கட்டிய கம்பியைக் கை சோரும்வரை ஏற்றி இறக்க வேண்டும். பிறகு இருவர் ஒரே கம்பியை இரட்டைப் பாரத்தோடு பிடிக்க வேண்டும். ஒருவர் கைவிட்டால் மற்றவராலும் தொடர முடியாது. அந்த நிலையில், பலம் குறைந்தவர் தனியாகத் தாக்குப்பிடித்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவரின் பலமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தாலும், மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டாலும் இந்த ஊக்கம் குறைந்தது; வேறுபாடு நடுத்தரமாக இருந்தபோதுதான் கூடியது. 'நான் விட்டால் எல்லாம் போய்விடும்' என்ற எண்ணமும், 'பக்கத்தில் இருப்பவரை எட்டிப்பிடித்துவிடலாம்' என்ற எண்ணமும் ஒரே தசையில் வேலை செய்கின்றன. இவற்றில் எது போட்டி, எது ஒத்துழைப்பு என்று பிரித்துக்காட்ட யாராலும் முடியாது. கொழுந்து மலையில் இதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். யார் கூடை முதலில் நிறைகிறது என்று கேலியும் சவாலுமாகப் பறித்துக்கொண்டே போகும் பெண்கள், காய்ச்சலோடு வேலைக்கு வந்த பக்கத்து நிரைக்காரிக்கு முழுப்பேர் (முழுநாள் கூலி) விழட்டும் என்று அவளுடைய கூடையில் இரண்டு பிடி கொழுந்தைப் போட்டுவிட்டுத் தங்கள் சவாலைத் தொடர்வார்கள்.

இதையெல்லாம் எழுதும் நான் மைதானத்தில் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் கற்பித்த பாடசாலைகளுள் ஒன்றில் எங்களுக்கு இருந்தது இருநூறு மீற்றர் புல்தரை. அதன் ஒரு வளைவு மேட்டில் ஏறி, மறுவளைவு பள்ளத்தில் இறங்கும். நான்கு பிள்ளைகளை, கோலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் வாங்கி ஓடும் நான்கு தரம் நூறு மீற்றர் அஞ்சல் ஓட்டத்துக்குப் பழக்கினேன். தனித்தனி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கோட்டமட்டத்தில் எங்களைவிட வேகமான அணிகள் இரண்டாவது இருந்தன. ஆனால் அஞ்சல் ஓட்டத்தில் வெல்வது கால்கள் மட்டுமல்ல. கோலைப் பெறப்போகும் பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. தரையில் இட்ட அடையாளத்தைக் கோல் கொண்டுவரும் பிள்ளை தாண்டிய கணத்தில் முழுவேகத்தோடு புறப்பட்டு, 'கை!' என்ற குரல் கேட்டதும் உள்ளங்கையைப் பின்னால் நீட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் உள்ள ஒருவரைப் பார்க்காமல் நம்பி ஓடுவதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எந்த வகுப்பறையிலும் கிடையாது. பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செய்த கோலால் இரண்டு மாதம் பழகினோம். காய்ந்த புல்லில் இருபத்திரண்டு அடி அளந்து, ஒரு துண்டுச் சுண்ணாம்பால் நானே அடையாளம் இட்டேன்.

போட்டி நாளன்று காலையிலிருந்தே பனிமூட்டமும் தூறலுமாக இருந்தது. ஈரப் புல்லில் வளைவைச் சுற்றி வரும் பிள்ளையின் வேகம் குறையும். ஆகவே அடையாளத்தை மூன்று நான்கு அடி கிட்ட இழுத்திருக்க வேண்டும். நான் இழுக்கவில்லை. மூன்றாவதாக ஓடிய மாணவி மேட்டு வளைவைக் கடந்து வந்தபோது, நான்காவது மாணவி அடையாளத்தின்படி சரியாகவே புறப்பட்டுவிட்டாள், இடைவெளி நெருங்கவேயில்லை. மூன்றாமவள் கடைசி எட்டில் உடம்பையே முன்னால் எறிந்து கையை நீட்டினாள். கோல் விரல்நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. மைதானம் முழுவதும் பார்த்தது அவளுடைய கையைத்தான், நானும் அதைத்தான் பார்த்தேன். எல்லோர் முன்னிலையிலும் "உன்னாலதான் போச்சு" என்று அவளிடம் சொன்னேன். அதன் பிறகு அவள் மைதானத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்த மூன்றாம் மாணவியைக் கண்டேன். பக்கத்தில் பத்து வயதளவில் மகள் நின்றாள். நலம் விசாரித்துக்கொண்ட பின், நான் எதுவும் கேளாமலே, "சேர், அன்னைக்கு நான்தான் கோல விட்டுட்டேன்" என்றார். மகள் ஏதாவது விளையாடுகிறாளா என்று கேட்டேன். "நான் விளையாட விடல சேர்" என்றார். அடையாளம் பிழை, அது என்னுடைய பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மஸ்கெலியா பஸ் வந்துவிட்டது. உண்மையில் பஸ் வந்ததை நான் ஒரு சாக்காக எடுத்துக்கொண்டேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பங்கு தெரிய வேண்டும் என்று மேலே எழுதிவிட்டு, பங்கு தெரிந்ததால் ஒரு பிள்ளை ஒதுங்கிப்போன கதையைச் சொல்கிறாரே என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. எல்லோருடைய பங்கும் தெரிவதற்கும் கடைசியாகக் கண்ணில் பட்டவரின் பங்கு மட்டும் தெரிவதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது. நான்கு ஓட்டங்களின் நேரத்தையும் நான் தனித்தனியாக எடுத்திருந்தால், அந்த அணியில் அன்று மிக நன்றாக ஓடியவள் மூன்றாமவள்தான் என்பது ஒருவேளை தெரிந்திருக்கும். என் கையில் இருந்த ஒரேயொரு மணிக்கூட்டில் முழு அணியின் நேரத்தைத்தான் எடுத்தேன்.

கிரிக்கெட் இந்த வகையில் நேர்மையான விளையாட்டு. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் தனது எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டைப் பெற்றபோது, பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தைப் பிடித்தவர் மஹேல ஜயவர்தன. டெஸ்ட் போட்டிகளில் முரளிதரனின் பந்துவீச்சில் ஜயவர்தன எடுத்த பிடிகள் 77. ஓட்டப்பட்டியலில் ஒவ்வொரு முறையும் இருவரின் பெயரும் ஒரே வரியில் அச்சாகியிருக்கின்றன. ஓட்டப்போட்டிகளுக்கு அந்த வழக்கம் இல்லை. 1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை நான்கு நிமிடங்களுக்குள், 3 நிமிடம் 59.4 செக்கனில், முதன்முதலாக ஓடி முடித்தவர் ரொஜர் பெனிஸ்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் கிறிஸ் பிரேஷரும் பிறகு கிறிஸ் சட்டவேயும் முன்னால் ஓடி வேகத்தைப் பிடித்துக்கொடுத்தார்கள் என்பதும், அவர்களும் அதே பந்தயத்தில் பதிவான போட்டியாளர்கள்தான் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

தோட்டங்களுக்கிடையிலான மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிகளைப் பற்றியும் சில வார்த்தைகள். இறுதியாட்டம் முடிந்ததும் கைகலப்பு, பிறகு இரண்டு டிவிசன் இளைஞர்களுக்கும் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை என்ற நிலையை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் உளவியலாளர் முஸாபர் ஷெரீப் நடத்திய முகாமில் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் 22 பேரை ஒருவரையொருவர் அறியாத இரண்டு குழுக்களாக வைத்து, பிறகு பேஸ்போலிலும் கயிறிழுத்தலிலும் மோதவிட்டார்கள். வென்ற குழுவுக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும். தோற்ற குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாட்களிலேயே ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது, தங்குமிடங்கள் சூறையாடப்பட்டன. சேர்ந்து உண்ணவைத்ததும் படம் காட்டியதும் பயன் தரவில்லை. தண்ணீர் வராமல்போய் எல்லோரும் சேர்ந்து தேட நேர்ந்ததும், சாப்பாடு கொண்டுவர வேண்டிய லொறி நகர மறுத்ததும்தான் அவர்களைச் சேர்த்தன. அந்த லொறியை இரு குழுக்களும் சேர்ந்து இழுத்தது, முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிற்றால். மழைக்காலத்தில் கொழுந்து லொறி சேற்றில் புதைந்தால் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் சேர்ந்து தள்ளுவதைப் பார்த்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய வருடம் ஷெரீப் நடத்திய இன்னொரு முகாமைப் பற்றிப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதில் சிறுவர்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களான பின்புதான் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். எவ்வளவு தூண்டிவிட்டும் அவர்கள் எதிரிகளாகவில்லை. தூண்டிவிடுவது பெரியவர்கள்தான் என்பதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். முகாம் பாதியில் கைவிடப்பட்டது. எனக்கு இந்தத் தோல்விதான் பெரிய பாடமாகத் தெரிகிறது. போட்டி பகையாக மாறுவதும் மாறாமலிருப்பதும் போட்டிக்கு முன்னால் அவர்களுக்குள் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான தோட்டச் சுற்றுப்போட்டிகளில் இரு அணிகளும் முதன்முறையாகப் பேசிக்கொள்வது நாணயச் சுழற்சியின்போதுதான்.

இதற்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை. சுற்றுப்போட்டிக்கு முதல் நாள் மைதானத்தைச் செதுக்கிப் பந்தல் போடும் வேலையை இரு தோட்டத்து இளைஞர்களையும் கலந்து ஒப்படைக்கலாம். ஆரம்ப ஆட்டங்களிலாவது டிவிசன் வாரியாக அன்றிச் சீட்டுக் குலுக்கி அணி பிரிக்கலாம். பாடசாலைகளில் ஜனவரி முதல் வாரமே ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் தூரத்தையும் எழுதிவைத்து, இல்லப் போட்டியன்று தன் சொந்த அளவைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். ஒருமுறை இதைச் செய்து பார்த்தேன். எட்டாவதாக ஓடி வந்த பையன் ஒருவனுக்காக ஓர் இல்லமே எழுந்து நின்று கத்தியது. கணக்கெழுத ஆளில்லை என்று அடுத்த வருடம் அதிபர் நிறுத்திவிட்டார். அவரையும் குறைசொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் நான் ஒருவன்தான். வென்ற மூவருக்கு மட்டும் புள்ளி என்ற முறை நிலைத்து நிற்பதற்கு அதன் சிறப்பைவிட அதன் எளிமைதான் காரணம்.

தங்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. வலயமட்ட, மாகாணமட்ட மெய்வல்லுநர் முடிவுகளைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடும்போது, தனிப்போட்டியில் வென்றவரின் பெயர் வருகிறது. அஞ்சல் ஓட்டம் என்றால் பாடசாலையின் பெயர் மட்டும், அல்லது கோலோடு முடிவுக்கோட்டைத் தாண்டிய கடைசி மாணவியின் படம் மட்டும் வருகிறது. ஓடிய ஒழுங்கில் நால்வரின் பெயரையும் ஒரே வரியில் வெளியிட முடியுமா? இடப் பற்றாக்குறை பெரிதாக வராது. பெயர்கள் பிழையாக வந்துசேரும் என்பதே தங்கள் அலுவலகத்தின் கவலையாக இருக்கலாம். என்னைப் போல ஓய்வில் இருக்கும் ஆசிரியர்கள் நுவரெலியா மாவட்டத்தில் பலர் இருக்கிறோம். ஹட்டன் பக்கத்துப் போட்டிகளுக்குப் பெயர்களைப் பிள்ளைகளிடமே கேட்டுச் சரிபார்த்து, அன்று மாலையே தங்கள் பிரதேச நிருபரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். இப்போது என்னிடம் நான்கு மணிக்கூடுகள் இருக்கின்றன. நேரங்களையும் சேர்த்தே தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
டிக்கோயா.